நம்மவர் முகங்களை அவரவர் நிறத்திலேயே படமாக்குவோம்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் பத்திரிகையின் வார வெளியீட்டில் வருகின்ற திருமண வாழ்த்துப் படங்களையும், பூப்புனித நீராட்டு விழாப் படங்களையும், நினைவஞ்சலி அறிவித்தல்களையும் தவறாமல் பார்த்து வரும் வாசகன் என்ற முறையிலும், ஹட்டன் பகுதியில் நீண்டகாலமாகத் திருமண வீடுகளிலும் பாடசாலைகளிலும் படம் எடுத்து வருபவன் என்ற முறையிலும் இக்கடிதத்தை எழுதுகின்றேன். மலையக மக்களின் முகங்கள் படங்களில் பெரும்பாலும் இரண்டில் ஒரு கதிக்கு ஆளாகின்றன. மூடுபனியில் கமராவைத் தன்போக்கில் விட்டு எடுத்தால் கண்ணும் மூக்கும் தெரியாமல் முகம் இருண்டுவிடுகின்றது. அதைத் திருத்துவதாகக் கூறிக் கணினியில் வெளுக்கும்போது, பெற்ற தாயே அடையாளம் காணத் தயங்குமளவுக்கு அது மாவு பூசிய முகமாகிவிடுகின்றது. இதற்குக் காரணம் நமது தோலின் நிறம் என்று நமது பிள்ளைகளே நம்பத் தொடங்கியிருப்பதுதான் என்னை எழுத வைத்தது. காரணம் தோலன்று. கமராவின் அமைப்புகளைத் தெரிவு செய்யும்போதும், எடுத்த படத்தைத் திருத்தும்போதும் படம் எடுப்பவர் செய்கின்ற முடிவுகளே காரணம். அவற்றை எவரும் கற்றுக்கொண்டு மாற்றலாம்.

கமராவுக்குள் இருக்கும் ஒளிமானிக்குத் தன் முன்னால் நிற்பது மனிதரா மலையா என்பது அடிப்படையில் தெரியாது. எந்தக் காட்சியையும் நடுத்தரச் சாம்பல் நிற அளவுக்குக் கொண்டுவருவதே அதற்கு இடப்பட்ட வேலை. லிந்துலையிலோ நானுஓயாவிலோ பனி மூடிய காலைப்பொழுதில் ஒரு பெண்ணை நிறுத்திப் படம் எடுக்கும்போது, பின்னால் விரிந்திருக்கும் வெண்மையைக் கண்டு, வெளிச்சம் அளவுக்கு மிஞ்சிவிட்டது என்று அது முடிவு செய்து படம் முழுவதையும் இருட்டாக்குகின்றது. பனி சாம்பலாகின்றது, முகம் கறுத்துப்போகின்றது. இதற்குரிய மாற்று பெரும்பாலான கமராக்களில் உள்ள, ஒளியின் அளவைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் கொம்பன்சேஷன் என்ற அமைப்பாகும். பனியிலும் வெளிறிய வானத்துக்கு எதிரிலும் அதனை +1 அளவுக்கு, அதாவது ஒளி இரட்டிப்பாகும் ஒரு படிக்கு, உயர்த்தி எடுத்துப் பார்க்க வேண்டும், பனி அடர்த்தியாக இருந்தால் இன்னும் சற்று உயர்த்தலாம். இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. இருண்ட தேயிலைச் செடிகளோ நிழலான சுவரோ பின்னணியாக அமைந்து, கருநிற முகம் சட்டத்தை நிறைத்து நிற்கும்போது கமரா தேவைக்கு அதிகமாக ஒளியேற்றிவிடும். அப்போது நெற்றியும் கன்ன எலும்பும் பளபளத்து வெளிறிப்போகும். அங்கே அரைப்படி அளவு குறைத்து எடுப்பதே முறை.

இவ்வளவு யோசிக்க நேரமில்லாதவர்கள் சட்டத்தின் ஒரு சிறு புள்ளியில் மட்டும் ஒளியை அளக்கும் ஸ்பொட் மீட்டரிங் முறையைத் தெரிவு செய்து, வெளிச்சம் படும் கன்னத்தின் மீது அளவெடுக்கலாம். அந்த அளவும் கன்னத்தை நடுத்தரச் சாம்பலுக்கே கொண்டுபோகும் என்பதால், அடர்ந்த கருநிறத் தோலுக்கு அதிலிருந்து ஒரு படி வரை குறைத்தால்தான் உண்மையான நிறம் கிடைக்கும். எடுத்த பின்னர் கமராவின் திரையைப் பார்த்துத் திருப்தியடைவது போதாது. வெயிலில் அந்தத் திரை இருட்டாகவும் அறைக்குள் வெளிச்சமாகவும் தெரியும். படத்தில் இருட்டு எவ்வளவு என்பதை இடப்பக்கத்திலும் வெளிச்சம் எவ்வளவு என்பதை வலப்பக்கத்திலும் காட்டும் ஹிஸ்டோகிராம் எனப்படும் வரைபடமே நம்பத்தக்கது. குறிப்பாகச் சிவப்புக் கூறைச் சேலை உடுத்திய மணமகளை எடுக்கும்போது, மூன்று நிறங்களையும் தனித்தனியே காட்டும் ஹிஸ்டோகிராமில் சிவப்பு வலது ஓரத்தில் முட்டி நிற்கின்றதா என்று பார்க்க வேண்டும். முட்டி நின்றால் சேலையின் மடிப்பும் சரிகையும் அழிந்து அது ஒரே சிவப்புத் திட்டாகிவிடும், அதன் பின்னர் எந்தக் கணினியாலும் அதை மீட்டெடுக்க முடியாது. திருநீறும் வெள்ளை வேட்டியும் அப்படியே.

கையடக்கத் தொலைபேசியில் எடுப்பவர்களுக்கும் இதே விதிதான். திரையில் முகத்தின் மீது விரலை வைத்து அழுத்திப் பிடித்தால் ஒளியும் குவியமும் அங்கேயே பூட்டப்படும். பின்னர் பக்கத்தில் தோன்றும் சூரியக் குறியை மேலும் கீழும் நகர்த்தி முகத்தின் நிறத்தைக் கண்ணால் ஒப்பிட்டுச் சரிசெய்யலாம். அதைவிட முக்கியமானது, பல தொலைபேசிகளில் ‘பியூட்டி’ என்ற அமைப்பு நாம் கேட்காமலே இயங்கிக்கொண்டிருக்கின்றது என்பது. தோலை வழவழப்பாக்கி, நிறத்தை ஏற்றி, சிலவற்றில் தாடையையும் ஒடுக்கிவிடும் அந்த அமைப்பை முற்றாக நிறுத்திவிட்டே ஆட்களைப் படம் எடுக்க வேண்டும் என்பது எனது உறுதியான கருத்து. தொலைபேசியின் பிரதான வில்லை அகலக்கோண வில்லையாகும். அதைக் கொண்டு முகத்துக்கு மிக அருகில் சென்று எடுத்தால் மூக்குப் பெருத்து, காதுகள் பின்வாங்கித் தெரியும். இரண்டு மூன்று அடி பின்னால் நின்று இரட்டிப்பு ஜூமில் எடுத்தால் முகம் அதன் இயல்பான அளவில் வரும். பெரிய கமராவில் 50 மில்லிமீட்டர் முதல் 85 மில்லிமீட்டர் வரையான வில்லைகளை ஆட்களுக்கு விரும்புவதும் இதே காரணத்துக்காகத்தான்.

வில்லையின் துவாரமான அப்பர்ச்சர் (எஃப் எண் சிறிதானால் துவாரம் பெரிது), ஒளி விழும் நேரத்தைத் தீர்மானிக்கும் ஷட்டர் ஆகியவற்றைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. ஒருவரை மட்டும் எடுக்கும்போது எஃப் 2.8 அளவும் அதற்கு அண்மித்தவையும் பின்னணியை மென்மையாக்கும், ஆனால் குவியம் அருகில் இருக்கும் கண்ணில் பிசகாமல் விழ வேண்டும். மூன்று வரிசையில் நிற்கும் வகுப்புப் படத்துக்கு எஃப் 8 இல்லாவிட்டால் பின்வரிசைப் பிள்ளைகள் மங்கிப்போவார்கள். அசையாமல் நிற்பவருக்கு விநாடியில் 125இல் ஒரு பங்கு போதும். கொழுந்து பறிக்கும் கைகளின் வேகத்தை நிறுத்திக் காட்ட 500இல் ஒரு பங்காவது தேவை. வெளிச்சம் குறைந்த இடத்தில், கமராவின் ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. அளவை உயர்த்தத் தயங்கி, இருட்டாக எடுத்துப் பின்னர் கணினியில் ஒளியேற்றும் பழக்கம் நம்மவர்களிடம் அதிகம். கருநிறத் தோலுக்கு இது மிகவும் கெடுதலான வழியாகும். இருட்டுப் பகுதியை மேலே தூக்கும்போது அங்கே ஒளிந்திருக்கும் புள்ளிகளும் சேர்ந்தே மேலே வந்து, கன்னம் முழுவதும் திட்டுத்திட்டாகிவிடும். ஐ.எஸ்.ஓ. 1600, 3200 என்று வைத்துச் சரியான ஒளியில் எடுத்த படம், 400இல் இருட்டாக எடுத்துத் தூக்கிய படத்தைவிடப் பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும்.

எந்த அமைப்பையும்விட, ஆளை எங்கே நிறுத்துகின்றோம் என்பது பெரிது. நமது தீவு நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால், ஏப்ரல் முற்பகுதியிலும் செப்டெம்பர் முற்பகுதியிலும் நண்பகல் சூரியன் மலையகத்தின் நேர் உச்சியில் நிற்கும். அந்த நேரத்தில் கோயில் முன்றலில் மணமக்களை நிறுத்தினால் கண்குழி இரண்டும் கறுத்து, மூக்கின் நுனி மட்டும் வெளிச்சமாகும். தலையில் துணி கட்டிக் குனிந்து கொழுந்து பறிக்கும் பெண்களின் முகம் அந்த வெயிலில் முற்றாக நிழலுக்குள் போய்விடும். சுற்றுலாப் பயணிகள் எடுத்துப் பரப்புகின்ற எத்தனையோ படங்களில் தேயிலை மட்டும் பச்சைப் பசேல் என்று மின்னிக்கொண்டிருக்க, அந்தத் தேயிலையைப் பறிப்பவருக்கு முகமே இல்லாமலிருப்பது இதனால்தான். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டு, அவர் நிமிர்ந்து முகம் காட்டும் வரை காத்திருந்து எடுத்தால் அந்தக் குறை பாதி தீர்ந்துவிடும்.

தோட்டத்து வரிசை வீடுகளான லயத்து வீடுகளில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகச் சிறந்த ஸ்டூடியோ, முன் திண்ணையான இஸ்தோப்புதான் என்று நான் சொல்வேன். கூரை மேலிருந்து விழும் வெயிலைத் தடுத்துவிட, முன்பக்கத் திறந்த வெளியிலிருந்து பரந்த மென்மையான ஒளி முகத்தில் விழுகின்றது. இஸ்தோப்பின் விளிம்பில் ஒருவரை வெளிப்பக்கம் பார்த்து அமர வைத்து, படம் எடுப்பவர் முற்றத்தில் நின்றுகொண்டால், பிளாஷ் விளக்கே தேவைப்படாது. கருநிறத் தோலின் அழகு அதில் விழும் ஒளியின் மினுமினுப்பில்தான் துலங்குகின்றது. அகன்ற ஒளி பக்கவாட்டிலிருந்து விழும்போது நெற்றி, கன்ன எலும்பு, தாடை ஆகியவற்றின் வடிவம் அந்த மினுமினுப்பினாலேயே வரையப்பட்டுவிடும். கொழும்பில் வாழ்ந்து 1944இல் மறைந்த லயனல் வெண்ட் என்ற மாபெரும் படக்கலைஞர், இந்நாட்டு மக்களின் கருமேனியை வெளுக்காமல், இருளின் ஆழத்தையும் ஒளியின் மினுமினுப்பையும் கொண்டே அதன் கம்பீரத்தைக் காட்டினார். கறுப்பு வெள்ளைப் படச்சுருளில் அவரால் இயன்றது, இன்றைய டிஜிட்டல் கமராவில் நம்மால் இயலாமலிருக்க நியாயமில்லை.

அடுத்தது நிறம். மலையகத்தின் ஒளிக்கென்று ஒரு குணம் உண்டு. மேகமும் பனியும் மூடிய நேரத்தின் ஒளியில் நீலம் அதிகம். அதைச் சரிசெய்யாவிட்டால் மாநிறத் தோலும் கருநிறத் தோலும் சாம்பல் பூத்ததுபோல் உயிரற்றுத் தெரியும். ஒளியின் நிறச்சாயலைச் சரிசெய்யும் வைட் பெலன்ஸ் அமைப்பை 6000 முதல் 6500 கெல்வின் வரையும், நிழலில் 7000க்கு மேலும் வைத்தால் தோலின் சூடு திரும்பிவிடும். தேயிலை மலைக்குள் நின்று எடுக்கும்போது செடிகளிலிருந்து தெறிக்கும் பச்சை, தாடையின் கீழும் கழுத்திலும் படிகின்றது. நீலத் தறப்பாள் பந்தலின் கீழ் எடுத்தால் நீலம் படிகின்றது. பச்சை படிந்த படத்தை லைட்ரூம் போன்ற மென்பொருளில் ‘டின்ட்’ அளவைச் சற்றுச் செவ்வூதாப் பக்கம் நகர்த்திச் சரிசெய்யலாம். திருமண மண்டபங்களில் இப்போது பொருத்தப்படும் ஊதா, நீல எல்.இ.டி. விளக்குகளில் சிக்கிய முகத்தை மட்டும் எதனாலும் காப்பாற்ற முடியாது. தாலி கட்டும் வேளையிலாவது அவற்றை அணைத்து வெள்ளை விளக்குகளைப் போடுமாறு வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பதுதான் வழி. நமது நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால், எல்.இ.டி. விளக்கில் படத்தின் குறுக்கே பட்டைகள் விழுந்தால் ஷட்டரை 50இல் அல்லது 100இல் ஒரு பங்குக்கு மாற்றிப் பார்க்கலாம்.

படத்தை, கமரா பதிந்த தகவலைப் பதப்படுத்தாமல் வைத்திருக்கும் ரோ கோப்பாக எடுப்பதன் பயன் இங்கேதான் தெரியும். கமரா தானே பதப்படுத்திச் சுருக்கித் தரும் வழக்கமான ஜேபெக் கோப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள் மட்டுமே உள்ளன. 14 பிட் ரோ கோப்பிலோ 16,384 படிகள் உள்ளன. கருநிறத் தோலின் நுணுக்கமான வேறுபாடுகள் யாவும் இருண்ட பக்கத்துப் படிகளிலேயே அடங்கியிருப்பதால், வெளிறிய தோலுக்கு ஜேபெக் போதுமானதாக இருக்கும் இடத்திலும் நம்மவர் முகத்துக்கு ரோ கோப்பு தேவைப்படுகின்றது.

படம் பிடிக்கும் கருவிகள் நமது நிறத்தைச் சரியாகக் காட்டாத வரலாறு நீண்டது. 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் இங்கேயே மறைந்து, பொகவந்தலாவை புனித மரியாள் தேவாலயத்து மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டிருக்கும் ஜூலியா மார்கரெட் கமரன், உலகப் படக்கலை வரலாற்றில் முதல் வரிசையில் வைத்துப் போற்றப்படுபவர். அவர் இந்நாட்டில் எடுத்த படங்களில் தமிழ்த் தொழிலாளர்களும் இருக்கின்றார்கள். அக்காலத்தில் படம் பதியப் பயன்பட்ட கண்ணாடித் தட்டான ஈரக் கொலோடியன் தட்டு நீல ஒளியை மட்டுமே நன்கு உணரக்கூடியது. செம்மையும் மஞ்சளும் கலந்த மாநிறத் தோல் அதில் உள்ளதைவிட மிகவும் கறுத்தே பதியும். ஆகவே பழைய படங்களில் நாம் காணும் நமது முன்னோரின் நிறமும் முழுமையான உண்மையன்று. பின்னர் வந்த வண்ணப் படச்சுருள் காலத்தில், கொடக் நிறுவனம் அச்சுக் கூடங்களில் நிறத்தைச் சரிபார்ப்பதற்கு ‘ஷேர்லி அட்டை’ எனப்பட்ட, வெள்ளைத்தோல் பெண்ணின் படத்தைக் கொண்ட அட்டையை 1950களிலிருந்து அனுப்பி வந்தது. அந்தப் பெண்ணின் தோல் சரியாக வந்தால் படம் சரி என்பதே அளவுகோலாக இருந்தது. பல நிறத்தவர்களையும் கொண்ட அட்டை 1990களில்தான் வந்தது. கூகுள் நிறுவனம் கருநிறத் தோலை உள்ளபடி காட்டும் நோக்குடன் தனது தொலைபேசிக் கமராவைச் சீர்செய்தது 2021இல்; ஹார்வர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் எலிஸ் மங்க் வகுத்த, 10 நிறங்களைக் கொண்ட தோல் நிற அளவுகோலை வெளியிட்டது 2022இல். உலகம் இவ்வளவு தாமதமாகவேனும் திருந்தத் தொடங்கியிருக்கும் வேளையில், நமது ஸ்டூடியோக்கள் பழைய அட்டையின் நிறத்தை நோக்கி நமது பிள்ளைகளைத் தள்ளிக்கொண்டிருப்பது எனக்கு மிகுந்த வேதனையைத் தருகின்றது.

வெளுப்பது எப்படி நடக்கின்றது என்பதையும் சொல்ல வேண்டும். எந்த நாட்டு மனிதருடைய தோலாயினும் அதன் நிறம் செம்மஞ்சள் என்ற குறுகிய வரம்புக்குள்ளேயே பெரும்பாலும் அமைகின்றது, வேறுபடுவது அதன் ஒளிர்வின் அளவுதான். எனவே மென்பொருளில் செம்மஞ்சளின் ஒளிர்வை மட்டும் உயர்த்தினால், சேலையும் பின்னணியும் அப்படியே இருக்க முகமும் கைகளும் மட்டும் ஒரு நொடியில் வெளுத்துவிடும். பல இடங்களில் இதனை முன்கூட்டியே பதிந்து வைத்து, வருகின்ற எல்லாப் படங்களுக்கும் ஒரே சொடுக்கில் பூசிவிடுகின்றார்கள். அதனுடன் தோலை வழவழப்பாக்கும் கருவியும் சேரும்போது தோலின் துளைகளும் சிரிப்பின் கோடுகளும் மறைந்து, அல்பத்தில் இருக்கும் மணமகள் யாரோ ஒருவராகிவிடுகின்றார். வாடிக்கையாளர்கள்தான் அப்படிக் கேட்கின்றார்கள் என்று ஸ்டூடியோக்காரர்கள் கூறுவதை நான் அறிவேன், அது முற்றிலும் பொய்யுமல்ல. ஆயினும், சரியான ஒளியில் எடுத்து, நிழலை மட்டும் மெல்லத் திறந்து, பளபளக்கும் இடத்தைச் சற்றுத் தணித்து, தோலின் சூட்டைக் காத்து அச்சிட்ட படத்தையும், வெளுத்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால், குடும்பத்தினர் பெரும்பாலும் முதலாவதையே கையில் எடுப்பதை நான் கண்டிருக்கின்றேன். நேற்று வந்த பருவை அகற்றலாம். பிறவி மச்சத்தையும் பழைய தழும்பையும் அவரைக் கேட்காமல் தொடக்கூடாது.

அடையாள அட்டைக்கும் கடவுச்சீட்டுக்கும் எடுக்கும் படங்களில் இது அழகு பற்றிய விடயம் மட்டுமன்று. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிகள் அத்தகைய படங்களில் தோலின் இயல்பான நிறத்தையே வேண்டுகின்றன. முகத்தை வெளுத்துத் தாடையை ஒடுக்கிய படத்துடன் விமான நிலையத்தில் போய் நிற்பவரின் சங்கடத்தை, வெளிநாட்டு வேலைக்காகப் பிள்ளைகளை அனுப்பும் குடும்பங்கள் நிறைந்த நமது தோட்டங்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

எல்லாவற்றையும்விட என் மனதை உறுத்துவது நினைவஞ்சலிப் படங்கள். நமது தோட்டங்களில் வாழ்ந்து மறைந்த எத்தனையோ அப்பாயிகளுக்கும் தாத்தாக்களுக்கும், பழைய அடையாள அட்டையிலிருந்த சிறிய கறுப்பு வெள்ளைப் படத்தைத் தவிர வேறு படம் கிடையாது. முப்பத்தோராம் நாளுக்கு அதைப் பெருப்பித்துத் தருமாறு பிள்ளைகள் கொண்டுபோகும்போது, மென்பொருள் தானாக நிறம் பூசித் தருகின்றது. கறுப்பு வெள்ளைப் படத்தில் தோலின் உண்மையான நிறம் பதிந்திருப்பதில்லை. மென்பொருள் தான் பயின்ற படங்களைக் கொண்டு ஊகித்தே பூசுகின்றது. அந்த ஊகம் பிழைத்துப்போனால், வெயிலிலும் மழையிலும் மலையேறி உழைத்த ஒருவர் வெளிர்சிவப்பு முகத்துடன் சுவரில் தொங்குகின்றார். அவரை நேரில் பார்க்காத பேரப்பிள்ளைகளுக்கு அதுவே அவருடைய முகமாக நிலைத்துவிடும். இத்தகைய படங்களைப் பெருப்பிப்பவர்கள் கறுப்பு வெள்ளையாகவே விட்டுவிடுவது உத்தமம். நிறம் வேண்டுமென்று குடும்பத்தினர் வற்புறுத்தினால், அவருடைய மகனையோ மகளையோ பக்கத்தில் இருத்தி, அவர்கள் சொல்லும் நிறத்தைப் பூச வேண்டும். வீட்டில் முதியவர்கள் இருப்பவர்கள், அடுத்த தீபாவளிக்குப் பிள்ளைகள் கொழும்பிலிருந்து வரும்போது, இஸ்தோப்பில் அமர வைத்து அவர்களை நல்ல ஒளியில் படம் எடுத்து வைக்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கின்றேன். அதற்குப் பெரிய கமரா தேவையில்லை.

இறுதியாகத் தங்களிடம் ஒரு வேண்டுகோள். பத்திரிகைத் தாள் மையை உறிஞ்சிப் பரவவிடுவதால், நடுத்தர நிறங்கள் யாவும் அச்சில் மேலும் கறுக்கின்றன என்பதை அறிவேன். அதைத் தவிர்க்கத் தங்கள் பக்க வடிவமைப்பாளர்கள் படங்களுக்கு ஒளியேற்ற வேண்டியிருப்பதும் நியாயமானதே. ஆனால் அதனைச் செய்ய வேண்டியது படத்தின் நடுத்தர நிறங்களை வளைகோட்டுக் கருவியால் அளவாக உயர்த்துவதன் மூலமே. தோலின் செம்மஞ்சளைத் தனியே பிரித்து வெளுக்கத் தேவையில்லை. முகத்தில் நீல மையின் அளவைக் குறைத்து வைத்தால் சாம்பல் படிவதும் தவிர்க்கப்படும். வாசகர்கள் அனுப்பும் வாழ்த்துப் படங்களுக்கும் நினைவஞ்சலிப் படங்களுக்கும் பில்டர் இடப்படாத மூலப் பிரதியையே அனுப்புமாறு அறிவித்தல் பக்கத்தில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். அத்துடன், மலையகத்தின் பாடசாலைகளில் படக்கலை பழகும் மாணவர்கள் தமது வீட்டாரை இயல்பான நிறத்தில் எடுத்தனுப்பும் படங்களுக்கு வாரத்தில் ஒரு கால் பக்கத்தை ஒதுக்குவீர்களானால், முதல் சில வாரங்களுக்கு அப்படங்களைப் பார்த்துத் திருத்தக் குறிப்புகள் எழுதித்தர நான் ஆயத்தமாக இருக்கின்றேன்.

இங்ஙனம்,
படப்பிடிப்பாளர் ஒருவர்,
ஹட்டன்.